வாரண்டி முடிஞ்சிடுச்சாம்! குறை எப்போ தெரிஞ்சதுன்னு யாரு சொல்லுவா?

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் சூடான மேட்டர். கார் வச்சிருக்கிறவங்க, வாங்கப் போறவங்க, அப்பா கார்ல ஓசியில் சுத்துறவங்க எல்லாரும் படிக்கலாம் :-)

"சார், உங்க வாரண்டி பீரியட் முடிஞ்சிடுச்சு." சர்வீஸ் சென்டரில் எல்லாரும் கேட்கிற வசனம்தான். ஆனா குறை இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்ச ஒரு கம்பெனி இதைச் சொன்னா, அதுக்குப் பேர் வியாபாரம் இல்லை, ஏமாத்து. இதுதான் என் கட்சி. ஒத்துக்காதவங்க கடைசி வரை படிச்சிட்டு சண்டைக்கு வாங்க.

உதாரணத்துக்கு அமெரிக்கா போவோம். ஹூண்டாய், கியா கார்களில் வந்த 'தீட்டா 2' இன்ஜின். இன்ஜினுக்குள்ளே கிராங்க் ஷாஃப்டும் கனெக்டிங் ராடும் சேர்ற இடத்தில் பேரிங் இருக்கும். அது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை நம்பித்தான் ஓடுது. அலபாமா ஃபேக்டரியில் கிராங்க் ஷாஃப்டைக் கடைஞ்சப்போ வந்த உலோகத் துகள், எண்ணெய் போற துளைகளில் இருந்து முழுசா நீக்கப்படலை. துகள் எண்ணெயைத் தடுத்தா பேரிங் தேயும். முதல்ல 'டொக் டொக்'னு சத்தம். அப்புறம் ஹைவேயில் போயிட்டிருக்கும்போதே இன்ஜின் நின்னுடும். சில வண்டிகளில் ராடு உடைஞ்சு இன்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டு, எண்ணெய் கொட்டி, தீயும் பிடிச்சது.

2015 செப்டம்பரில் சுமார் 4.7 லட்சம் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைச்சாங்க. 2011, 2012 மாடல்கள் மட்டும். அதே இன்ஜின் குடும்பம் போட்ட கியா கார்களைத் தொடவே இல்லை. 2017 மார்ச் கடைசியில்தான் ரெண்டு கம்பெனியும் சேர்ந்து இன்னும் சுமார் 12 லட்சம் கார்களை அழைச்சாங்க.

நடுவில் என்ன நடந்தது? கிம் குவாங்-ஹோ. ஹூண்டாயில் 20 வருஷத்துக்கு மேல வேலை பார்த்த இன்ஜினியர். 2016ல் உள் ஆவணங்களோட அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் போய், திரும்ப அழைச்சது போதாதுன்னு சொன்னார். பரிசு? அந்த வருஷக் கடைசியிலேயே வேலை போச்சு. 2020 நவம்பரில், 16 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களை காலத்தோட திரும்ப அழைக்கலைங்கிற புகாரில் ரெண்டு கம்பெனிக்கும் சேர்த்து 21 கோடி டாலர் அபராத ஒப்பந்தம் ஆச்சு. அதில் உடனே ரொக்கமா கட்ட வேண்டியது 8.1 கோடிதான். மிச்சம் பாதுகாப்புக்காகச் செலவு பண்ணணும், இல்லேன்னா நிபந்தனையை மீறினா கட்டணும். 2021 நவம்பரில் கிம்முக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தாங்க.

காமர்ஸ் படிக்கிற நண்பர்களே, இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். 'ப்ரொவிஷன்' எப்போ போடணும்? நடந்து முடிஞ்ச ஒரு நிகழ்வால் பொறுப்பு வந்திருக்கணும், பணம் வெளியே போக வாய்ப்பு அதிகமா இருக்கணும், தொகையை ஓரளவு மதிப்பிட முடியணும். 2020 மூன்றாம் காலாண்டில் ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து தரக் குறைபாட்டுச் செலவுக்காக சுமார் 3.4 லட்சம் கோடி வோன் ஒதுக்கினாங்க. ஹூண்டாய் அந்தக் காலாண்டில் நஷ்டமே காட்டிச்சு. பங்குதாரருக்கு "இது எங்க பொறுப்பு"ன்னு கணக்கில் எழுதிட்டு, கார் வாங்கினவன்கிட்ட மட்டும் "உங்க பிரச்சினை சார்"னு எந்தக் கம்பெனியும் சொல்ல முடியுமா? அப்படிச் சொன்னா அந்தச் செலவு மறைஞ்சு போயிடாது. கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் இருந்து ஒரு குடும்பத்தோட மாத பட்ஜெட்டுக்கு இடம் மாறுது, அவ்வளவுதான்.

இனி வழக்கமான மூணு பதில்கள்.

ஒண்ணு: "வாரண்டி ஒரு ஒப்பந்தம், காலம் முடிஞ்சா முடிஞ்சது." சரி, இன்ஷூரன்ஸும் ஒப்பந்தம்தானே? சர்க்கரை வியாதியை மறைச்சு பாலிசி எடுத்தா, உச்ச நல்லெண்ணம் இல்லைன்னு க்ளெய்மைத் தள்ளிடுறாங்க. வாரண்டி காலம்ங்கிறது ரெண்டு பேருக்கும் தெரியாத ரிஸ்க்குக்குப் போட்ட கோடு. ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அந்தக் கோட்டுக்கு என்ன மரியாதை?

ரெண்டு: "நீங்க ஆயில் ஒழுங்கா மாத்தலை." சில பேர் மாத்துறதில்லைதான், மறுக்கலை. ஆனா ஃபேக்டரியிலேயே துகளோட வந்த இன்ஜினுக்கு, பத்து வருஷ பில் எல்லாத்தையும் கொண்டு வான்னு கேட்கிறது நியாயமா? அமெரிக்க சமரசத்திலேயே அளவுக்கு மீறின அலட்சியத்துக்குத்தான் விலக்கு. ஒரு பில் தொலைஞ்சதுக்கு இல்லை.

மூணு: "இப்படிக் கொடுத்தா கம்பெனி மூழ்கிடும்." 2020ல் நஷ்டம் காட்டின அதே ஹூண்டாய், 2023ல் 15 லட்சம் கோடி வோனுக்கு மேல் செயல்பாட்டு லாபம் பார்த்தது. மூழ்கலை. நீச்சல் நல்லாவே தெரியுது.

சரி, கார் வாங்கினவங்களுக்கு என்ன கிடைச்சது? 2019 அக்டோபரில் அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் கார்களுக்கும் கொரியாவில் சுமார் 5.2 லட்சம் கார்களுக்கும் இந்தக் குறைக்கு வாழ்நாள் வாரண்டி அறிவிச்சாங்க. அமெரிக்கச் சமரசத்தில் ஏற்கனவே கைக்காசு போட்டவங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கவும் வழி வச்சாங்க. நல்ல மனசில் வந்தது இல்லை. ஆயிரக்கணக்கான பேர் புகார் எழுதி, கூட்டாக வழக்கு போட்டு, ஒருத்தர் வேலையை இழந்ததுக்கு அப்புறம் வந்தது.

நமக்கென்னன்னு கேட்கலாம். இந்தக் கதை அமெரிக்க, கொரிய கார்களோடது. இங்கே ஓடுற ஹூண்டாய் எல்லாம் அப்படின்னு நான் சொல்லலை, புரளி கிளப்பாதீங்க. ஆனா "வாரண்டி முடிஞ்சிடுச்சு" எல்லா ஊர்லயும் ஒரே பல்லவிதான். எங்க சித்தப்பாவுக்கு வேற ஒரு கம்பெனி கார் (பேர் வேண்டாம்). வாரண்டிக்குள்ளேயே ரெண்டு தடவை சத்தம் வருதுன்னு சொன்னார். "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்"னு அனுப்பினாங்க. வாரண்டி முடிஞ்ச மூணாவது மாசம் இன்ஜின் வேலைன்னு பில் நீட்டினாங்க. முதல் ரெண்டு தடவையும் ஜாப் கார்டில் ஒரு வரிகூட எழுதலை. என்னத்தைக் காட்டி வாதாடுறது?

நம்ம 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கு. ஆனா 'தீங்கு'ங்கிற விளக்கத்தில், பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது. அதாவது இன்ஜின் வெடிச்சு உங்களுக்குக் காயம் பட்டா அந்த அத்தியாயம் பேசும். இன்ஜின் மட்டும் செத்தா, 'குறையுள்ள பொருள்'னு சாதாரணப் புகார்தான் போடணும். அதுக்கும் 2 வருஷக் கெடு. 2021 ஏப்ரல் முதல் அரசே கார்களைத் திரும்ப அழைக்கச் சொல்லலாம், ஆனா 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான்.

என் கோரிக்கை மூணே மூணு. கம்பெனிக்குத் தெரிஞ்ச குறைக்கு, வாரண்டி தேதி பார்க்கக் கூடாது. வழக்குக்கான கெடு, குறையைக் கம்பெனி பகிரங்கமா சொன்ன நாளில் இருந்து ஆரம்பிக்கணும். ஏற்கனவே காசு கட்டினவனுக்கு அது திரும்பக் கிடைக்கணும்.

சட்டம் மாறுற வரைக்கும் நாம செய்யக்கூடியது: சத்தம் வந்த அன்னைக்கே ஜாப் கார்டில் எழுத வைங்க, காப்பி வாங்குங்க, மெயிலும் அனுப்புங்க. பில்லைத் தூக்கிப் போடாதீங்க. 1915க்கு போன் பண்ணுங்க. 5 லட்சம் வரை உள்ள பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. அதே குறை உள்ள நாலு பேரைத் தேடிப் பிடிங்க. ஆணையத்தின் அனுமதியோட 35ஆம் பிரிவில் எல்லாருக்குமா சேர்த்து ஒரே புகார் போடலாம். தனியா போனா "உங்க வண்டி மட்டும்தான் சார் இப்படி"ன்னு சொல்லுவாங்க. நாப்பது பேர் சேர்ந்து போனா அதைச் சொல்ல முடியாது.