சேலை கோழையின் உடையா?

கடமை தவறிய அதிகாரியைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் நம் ஊர்ப் போராட்டக்காரர்கள் சேலையும் வளையலும் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு போகிறார்கள். பெண் உடை கோழையின் உடை என்ற நம்பிக்கை அந்தத் தட்டில் இருக்கிறது. அந்த நம்பிக்கையின் கொடுமையை முழுசாகச் சுமக்கிறவன், பெண் உடை உடுத்தும் விருப்பத்தை மறைத்துக்கொண்டு படையில் வேலை பார்க்கும் சிப்பாய். விடுப்பில், பூட்டிய அறைக்குள் அவன் உடுத்தும் ஓர் உடை, அவன் நின்ற காவலையும் பட்ட காயத்தையும் பொய்யாக்கிவிடுமாம். இதை என்னால் ஏற்க முடியாது.

அமெரிக்க ராணுவத்தைப் பாருங்கள். 1942இல் இர்விங் பெர்லினின் 'திஸ் இஸ் தி ஆர்மி' இசை நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது. நடித்தவர்கள் சிப்பாய்கள். பெண் பாத்திரங்களுக்கும் அவர்களே கவுன் மாட்டி, உதட்டுச் சாயம் பூசி ஆடினார்கள். அந்த நாடகத்தை ராணுவமே கடல் கடந்து போர்முனைப் பகுதிகளுக்கு அனுப்பியது. வசூல் ராணுவ நிவாரண நிதிக்குப் போனது. யாருடைய ஒழுக்கமும் குலையவில்லை.

அதே நாட்டின் 2010ஆம் ஆண்டுப் படைச்சேர்க்கை மருத்துவ விதியோ, எதிர்பால் உடை உடுத்துவதையும் பிறர் அந்தரங்கத்தை ஒளிந்திருந்து பார்ப்பதையும் பொது இடத்தில் உறுப்பைக் காட்டுவதையும் ஒரே வரியில் கோத்துத் தகுதிக்குறைவு என்றது. பின்னவை இரண்டும் அடுத்தவர்மேல் செய்யும் குற்றங்கள். தன் அறையில் தன் உடம்பில் ஒரு கவுனை மாட்டியவன் யாருக்கு என்ன கெடுதல் செய்தான்?

ரகசியம் உள்ளவனை எதிரி மிரட்டிப் பணியவைப்பான் என்பார்கள். தெரிந்தால் வேலை போகும் என்ற பயம்தானே மிரட்டுகிறவனின் ஆயுதம்? அந்தப் பயத்தைக் கொடுத்ததே விதிதான். விதி போனால் ஆயுதமும் போகும்.

ஆண் உடை உடுத்திய பெண்ணுக்கு நடந்ததோ வேறு. ஹன்னா ஸ்னெல் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் கதை நம் மண்ணோடு தொடர்புள்ளது. ஜேம்ஸ் கிரே என்ற பெயரில், ஆண் உடையில் மரைன் படையில் சேர்ந்த அவர், 1748இல் புதுச்சேரி முற்றுகையில் காயம்பட்டார். மருத்துவரிடம் காட்டினால் குட்டு வெளிப்படும் என்று, தொடை இடுக்கில் பாய்ந்த குண்டைத் தானே தோண்டி எடுத்தாராம். 1750இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு அப்படிச் சொல்கிறது. ஊர் திரும்பி உண்மையைச் சொன்ன பிறகு அவருக்குத் தண்டனை இல்லை. செல்சி மருத்துவமனையின் ராணுவ ஓய்வூதியம் கிடைத்தது. சீருடையோடு லண்டன் மேடையில் ஏறினார், ஜனம் கைதட்டியது.

ஆண் உடையில் வந்தவள் வீராங்கனை. பெண் உடை உடுத்தியவன் நோயாளி. அவள் மேலே ஏறியதாகவும் இவன் கீழே இறங்கியதாகவும் கணக்குப் போடுகிறார்கள். பெண்ணைக் கீழே வைத்திருப்பவர்களால் மட்டுமே இந்தக் கணக்கைப் போட முடியும். அந்தச் சிப்பாயைச் சுட்டெரிக்கும் அவமானம் அங்கிருந்துதான் வருகிறது.

காவலில் தூங்கினானா, அடிபட்டு விழுந்த தோழனை விட்டு ஓடினானா என்று அவனைக் கேளுங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் என்ன மடித்து வைத்திருக்கிறான் என்று கிளறாதீர்கள். அடுத்த போராட்டத்துக்குச் சேலையும் வளையலும் வாங்கக் கிளம்பும் தோழர்களே, தயவுசெய்து அந்தக் காசுக்குத் துண்டறிக்கை அச்சடியுங்கள்.