ஒரு சொட்டு ரத்தம் போதுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டை ஒரு தடவை பாருங்க. பாதிப் பேர் ஏதாவது ஒரு நோயை 'ஏஐ வெச்சுக் கண்டுபிடிக்கிறோம்'னு எழுதியிருப்பாங்க. எங்க டீமும் அதில் ஒண்ணு. கழுத்து வழியா மூளைக்குப் போகும் கரோட்டிட் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ரத்தத்தில் உள்ள வளர்சிதைப் பொருட்களை வைத்துச் சொல்வதுதான் பிளான். கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்திலேயே முகாம் போடலாம் என்றுகூடப் பேசினோம்.

இப்போ எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அறிவியல் பொய் இல்லை. முட்டை, ஆட்டுக்கறியில் உள்ள கோலின், கார்னிடினைக் குடல் பாக்டீரியா உடைக்கும். கல்லீரல் அதை டிஎம்ஏஓ என்ற பொருளாக மாற்றும். அது ரத்தத்தில் கூடினால் இதயநோய் ஆபத்தும் கூடுவதாக 2011-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் குழு எழுதியது. நம்ம சென்னையிலேயே டாக்டர் வி. மோகன் குழு தி.நகர், திருமங்கலம் மக்களிடம் செய்த ஆய்வு 2000-இல் வந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கரோட்டிட் சுவரின் தடிமன் சராசரி 0.95 மி.மீ., இல்லாதவர்களுக்கு 0.74. ஆக, ரத்தத்துக்கும் கழுத்துக்கும் சம்பந்தம் இருக்கு.

ஆனா இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. முகாமுக்கு 1000 பேர் வர்றாங்க, அதில் 20 பேருக்குக் கடுமையான அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். நம்ம டெஸ்ட் இரண்டு பக்கமும் 90 சதவீதம் சரி. 18 பேர் பிடிபடுவாங்க. நோயே இல்லாத 980 பேரில் 98 பேருக்கும் 'இருக்கு'ன்னு வரும். அந்த 98 பேரும் ஒரு நாள் கூலியை விட்டுட்டு, பஸ் ஏறி, டாப்ளர் ஸ்கேனுக்கு அலையணும். ஸ்கேனும் தப்பாகலாம். அதுக்கு மேல ஆபரேஷன் என்றால், அதுவே சில பேருக்குப் பக்கவாதத்தைக் கொண்டுவரும். அறிகுறி இல்லாத எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு 2021-இல் மறுபடியும் சொன்னதற்கு இதுதான் காரணம். நம்ம ரிவ்யூவில் 'அக்யூரசி எவ்வளவு?'ன்னு மட்டும்தான் கேக்குறாங்க.

எங்க அப்பத்தாவுக்கு ஒருநாள் வலது கை பத்து நிமிஷம் மரத்துப்போச்சு, பேச்சு குழறுச்சு. அப்புறம் சரியாயிடுச்சு. 'வாயு'ன்னு விட்டுட்டோம். மூணே வாரத்தில் படுக்கையில் விழுந்தாங்க. அந்தப் பத்து நிமிஷத்தைப் புரிஞ்சுக்க எந்த மார்க்கரும் தேவைப்பட்டிருக்காது. அன்னைக்கே 108-ஐக் கூப்பிட்டிருக்கணும்.

அதனால டீம்ல ஒண்ணு சொல்லியிருக்கேன். ஊரையே சலிக்க வேண்டாம். இப்படி வந்துபோன அறிகுறியோட, அல்லது ரொம்ப நாள் சர்க்கரையோட ஸ்கேனுக்குக் காத்திருக்கிறவங்களில் யாரை முதலில் அனுப்பலாம் என்று மட்டும் நம்ம மாடல் சொல்லட்டும். பேப்பர்ல பார்க்க சின்ன ப்ராஜெக்ட்தான். ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாங்க, ஒருத்தன் இன்னும் முகாம் பேனரைத்தான் டிசைன் பண்ணிட்டிருக்கான்.