ஜல்காரிபாய்க்கு எந்த உடை?

ஆகஸ்ட் 15 நெருங்கும்போது பள்ளி மாறுவேடப் போட்டிகளுக்கான ஜான்சி ராணி வேடம் கடைகளில் தயாராகத் தொங்குகிறது. சரிகைப் புடவை, தலைப்பாகை, முத்துமாலை, அட்டை வாள், முதுகில் கட்ட ஒரு பொம்மைக் குழந்தை. 1854இல் இலட்சுமிபாயைச் சந்தித்த வழக்குரைஞர் ஜான் லாங்கோ, அவர் எளிய வெள்ளை மஸ்லின் உடையில் இருந்ததாகவும், தங்கக் காதணி தவிர வேறு நகை இல்லை என்றும் எழுதியிருக்கிறார். இன்றைய பளபளப்பு பிற்காலத்தவர் போர்த்தியது.

அதே ஜான்சியின் ஜல்காரிபாயாக ஒரு மாணவி மேடையேற விரும்பினால் எதை உடுத்துவாள்? ஜல்காரி, நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட கோரி சமூகத்தவர். 1858 ஏப்ரலில் ஹியூ ரோஸின் படை நகருக்குள் புகுந்தபோது, அரசி தப்பிச் செல்ல வழி செய்வதற்காக அவருடைய உடையை அணிந்து எதிரியின் முன் சென்றார் என்பது புந்தேல்கண்ட் மக்கள் வழக்கு. பிருந்தாவன்லால் வர்மாவின் 1946ஆம் ஆண்டு நாவல் அவரை அச்சுலக வாசகரிடம் கொண்டு சேர்த்தது. 1990களில் பகுஜன் சமாஜ் கட்சி அவரை மேடைக்கு அழைத்துவந்தது. 2001இல் அஞ்சல்தலை வெளியானது. ஆயினும் பொதுநினைவு அவரைப் பிடித்துவைத்திருப்பது, அவர் வேறொருவராகத் தோன்றிய அந்த ஒரு தருணத்தில்தான். கதையின்படியே வேடம் புனைந்தால் நடுவர் 'ஜான்சி ராணி' என்றுதான் குறித்துக்கொள்வார்.

விசுவாசத்தின் கதையாகவே இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். அரசிக்காக உயிரைப் பணயம் வைத்த பணிப்பெண் என்பது ஆதிக்கச் சாதியினருக்கும் உவப்பான சித்திரம். ஆனால் அதே கதைக்குள் வேறொரு செய்தி ஒளிந்திருக்கிறது. ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் அந்த ஆடையை அணிந்ததும் ஒரு படையே அவரை அரசியென நம்பியது என்றால், அரசகம்பீரம் எனப்பட்டது பிறப்பில் இல்லை, துணியில் இருந்தது.

துணியின் இந்த ஆற்றலைச் சாதியச் சமூகம் நன்கறியும். யார் எதை உடுத்தலாம் என்று அது விதித்ததும் அதனால்தான். ஜான்சி வீழ்ந்த அடுத்த ஆண்டு, 1859இல், நீண்ட தோள்சீலைப் போராட்டத்திற்குப் பிறகு திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை நீடித்தது. ஜல்காரி அணிந்ததாகச் சொல்லப்படுவது, அத்தகைய நிபந்தனைகள் மலிந்த காலத்தின் அரச உடையை.

ஆகவே, ராணியின் உடையிலேயே அந்த மாணவி மேடையேறட்டும். பொம்மைக் குழந்தை மட்டும் வேண்டாம். அது இலட்சுமிபாயின் வளர்ப்பு மகன் தாமோதர் ராவ். மார்பில் குத்தும் அட்டையில் 'ஜல்காரிபாய், கோரி நெசவாளர் மகள்' என்று எழுதலாம். சாதிப் பெயர் எதற்கு என்று ஆசிரியர் கேட்கக்கூடும். அரசியின் குலத்தை எந்தப் பாடநூலும் மறைத்ததில்லை.