உருளும் வீடும் ஓய்ந்த சக்கரமும்

ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்கள் ஜான் ஸ்டைன்பெக்கை அறிவர். 1960 செப்டம்பரில் அவர் ஒரு சிறு லாரியின் மேல் படுக்கையும் அடுப்பும் கொண்ட அறையொன்றை ஏற்றிக்கொண்டு, சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்டார். டான் குவிக்ஸாட்டின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரையே வண்டிக்கும் சூட்டினார். ஓரிகன் மாநிலத்தில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டயர் வெடித்தது. பண்டங்களை அளவுக்கு மீறி ஏற்றியிருந்த வண்டி அது. அந்தப் பாரத்தைத் தாங்கும் டயர் கிடைக்க வழி செய்தவர் ஒரு சிற்றூர்ப் பெட்ரோல் நிலையத்துக்காரர். 1962இல் வெளிவந்த தம் பயண நூலில் இதை அவர் எழுதியிருக்கிறார். மயிலிறகைச் சொல்லி வள்ளுவர் எச்சரித்தது நமக்கு நினைவு வராமற் போகுமா?

பின்னாளில் இத்தகைய வண்டி பெருந்தொழிலாயிற்று. அயோவா மாநிலத்தைச் சேர்ந்த வின்னபேகோ நிறுவனம் 1966 முதல் மோட்டார் வீடுகளைச் செய்துவருகிறது. லாரி அல்லது பஸ்ஸின் சேஸிஸ் மீது சமையலறை, படுக்கை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, காஸ் சிலிண்டர் எல்லாம் அமைந்த முழு வீடு அது. 300 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 300 கிலோ ஏறிவிடும். உடையவர்கள் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கிறார்கள், பாட்டரியைப் பார்க்கிறார்கள், குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்காதபடி நீரை வடித்து வைக்கிறார்கள். டயரை மட்டும், பட்டன் தேய்ந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்தியடைவோர் பலர். இது பெரும் பிழை என்பது என் கருத்து.

நம்மூர் லாரி ஓயாமல் ஓடி டயரைத் தேய்த்தே தீர்த்துவிடும். மோட்டார் வீடோ பெரும்பாலும் ஆண்டின் பல மாதங்கள் வெறுமனே நிற்கிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரைத் தின்கின்றன. அதைத் தடுக்க ரப்பரில் மெழுகு போன்ற பொருள்களைக் கலந்திருப்பார்கள். சக்கரம் சுழன்று நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். நின்ற சக்கரத்துக்கு அந்தக் காவலும் குறைந்துபோகிறது. பட்டன் புத்தம் புதிதாக இருக்கும். உள்ளே வலு போயிருக்கும்.

ஆகவே பார்க்க வேண்டியது வயதை. 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்படுகின்றன. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த டயர். ஐந்தாண்டு ஓடியபின் ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்ட வேண்டும், பத்தாண்டு ஆனால் எப்படியிருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது மிஷலின் நிறுவனத்தின் அறிவுரை. டயர் விற்பவன் வேறெப்படிச் சொல்வான் என்று சிரிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நெடுஞ்சாலையில் முன்சக்கரம் வெடித்த கனவண்டி எந்தப் பக்கம் இழுத்துச் செல்லும் என்பதை எண்ணினால் சிரிப்பு அடங்கிவிடும்.

வயதுக்கு அடுத்தது காற்று. காற்றுக் குறைந்த டயரின் பக்கங்கள் மிகையாக நெளிந்து, சூடேறி, வெடிக்கும். பின்னச்சில் இரட்டைச் சக்கரமிருந்தால் உள்சக்கரம் காற்றிழந்தாலும் வெளிச்சக்கரம் தாங்கி நிற்கும். நோய் கண்ணுக்குத் தெரியாது. நம் லாரி கிளீனர் டீக்கடை வாசலில் இரும்புத் தடியால் தட்டிப் பார்ப்பாரே, அந்தத் தட்டல் அறவே இறங்கிய சக்கரத்தைக் காட்டிக்கொடுக்கும். பத்துப் பவுண்டு குறைந்ததைக் காட்டாது. புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கையில், அளவுமானி வைத்துப் பார்ப்பதே முறை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, காற்றுக் குறைவை ஓட்டுநருக்கு உணர்த்தும் கருவியைப் புதிய கார்களில் கட்டாயமாக்கினார்கள். ஆனால் சுமையோடு 4,536 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளை அந்த விதியிலிருந்து விட்டுவிட்டார்கள். சிறு காருக்குக் காவல், குடும்பமே குடியிருக்கும் கனவண்டிக்கு இல்லை! இது என்ன நியாயம்?

எல்லாம் பார்த்தும் வழியில் வெடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, வண்டியை நேரே செலுத்தி, வேகம் தானே தணிந்தபின் சாலையை விட்டு இயன்றவரை விலகி நிறுத்த வேண்டும். தங்குமிடத்தில் வண்டியை மட்டமாக நிறுத்துவதற்கென்று அடியில் பொருத்திய ஜாக்கிகளைக் கொண்டே சக்கரத்தைத் தூக்கிவிடலாம் என்று சிலர் துணிகிறார்கள். அவை அதற்கு ஏற்பட்டவையல்ல. வண்டி நழுவினால் அடியில் இருப்பவன் கதி அவ்வளவுதான். பெரிய மோட்டார் வீடுகள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. அங்கே வீரம் காட்டாமல், முக்கோண எச்சரிக்கைப் பலகைகளைப் பின்னால் வைத்துவிட்டு, போக்குவரத்துக்கு எட்டாத இடத்தில் நின்று உதவிக்கு ஆளழைக்க வேண்டும். சக்கரம் மாற்றியபின் 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாக மாட்டிய சக்கரம் அமரும்போது அவை தளரக்கூடும்.

நம் நாட்டில் விற்கும் டயர்களிலும் அந்த நான்கு இலக்கங்கள் உண்டு. அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குப் பஸ் வாடகை பேசும் நண்பர்கள், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்கும்போதே அவற்றையும் குனிந்து பார்த்துவிட்டு வரலாம்.