கண்டம் செய்யப்பட்ட திரையிலிருந்து கற்க வேண்டியவை

இந்தியப் பல்கலைக்கழகத் துறைகள் பலவற்றில், எப்போதும் பூட்டியே கிடக்கும் அறை ஒன்று உண்டு. ஓடாத நகலெடுக்கும் இயந்திரம், மை உலர்ந்த அச்சுப்பொறி, பேட்டரி வீங்கிய யுபிஎஸ் ஆகியவை இருப்புப் பதிவேட்டில் பெயரை மட்டும் தக்கவைத்துக்கொண்டு அங்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. ஒருநாள் குழு கூடி அவற்றைக் கண்டம் செய்கிறது. வண்டி வந்து ஏற்றிச் செல்கிறது. அதே துறையின் மாணவர், தம் செயல்திட்டத்துக்காக வரிக்கு 16 எழுத்துகள் வீதம் இரண்டு வரிகள் காட்டும் சிறிய எல்சிடி திரையைப் புதிதாக வாங்கி வருகிறார். வண்டியேறிப் போன இயந்திரங்கள் சிலவற்றின் முகப்பில் இருந்ததும் அவ்வகைத் திரைதான்.

இதைப் பண விரயம் என்று மட்டும் பேசுவது பொருந்தாது. புதிய திரையின் விலை அற்பமானது. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது: பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு பொருளைக் கையிலெடுத்து, அது என்ன, எப்படி இயங்குகிறது என்று தாமே கண்டறியும் பயிற்சி நம் ஆய்வகங்களிலிருந்து விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.

பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய திரையைக் கணினியோடு இணைக்க முனைபவர் முதலில் எதிர்கொள்வது ஒரு புதிர். பலகையின் ஓரத்தில் 14 அல்லது 16 துளைகள். விளக்கம் எதுவும் இல்லை. இத்தகைய திரைகள் பெரும்பாலானவை ஹிட்டாச்சி நிறுவனத்தின் எச்டி 44780 என்ற கட்டுப்பாட்டுச் சில்லையோ அதற்கு இணையானதையோ கொண்டவை. வழக்கமான வரிசையில் முதல் முனை தரையிணைப்பு, இரண்டாவது 5 வோல்ட், மூன்றாவது எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. 4 முதல் 6 வரை கட்டளை முனைகள், 7 முதல் 14 வரை தரவு முனைகள், 15, 16 பின்னொளிக்கு உரியவை. ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் இவ்வரிசையைப் பின்பற்றுவதில்லை. முதலிரண்டு முனைகளை மாற்றி இணைத்தால் சில்லு எரிந்துபோகும். ஆகவே ஊகத்தை நம்பாமல், மல்டிமீட்டரை வைத்துச் செப்புத் தடங்களைத் தொடர்ந்து சென்று தரையிணைப்பை உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்த கேள்வி மின்சாரம் பற்றியது. பழைய கணினிகளின் 25 முனைப் பேரலல் போர்ட்டில் 2 முதல் 9 வரையிலான முனைகள் எட்டுத் தரவு இணைப்புகளுக்குப் போதுமானவை. எனினும் திரைக்கு மின்சாரம் வழங்க அந்தப் போர்ட் உருவாக்கப்படவில்லை. இன்றைய கணினிகளில் அது அரிதாகிவிட்டதால், யுஎஸ்பி வழியே இணையும் சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகை அதன் பணியைச் செய்கிறது. முறைப்படி இணைப்பு ஏற்பட்ட பின் யுஎஸ்பி 2.0 தரக்கூடியது 5 வோல்ட்டில் அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். திரையின் சில்லுக்கு ஓரிரு மில்லி ஆம்பியரே போதும்; பின்னொளிக்குத்தான் கூடுதலாக வேண்டும், அதற்கும் தக்க மின்தடை இன்றி இணைக்கக் கூடாது. கணினிக்குள்ளிருக்கும் நான்கு கம்பி இணைப்பியிலிருந்து எடுப்பதானால் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு தரை. நிறம் மாறினால் திரை பிழைக்காது.

அனைத்தையும் சரியாக இணைத்த பிறகும் திரையில் ஒன்றும் தெரியாமற்போகலாம். பலர் திரை செத்துவிட்டதென்று வீசிவிடுவது இந்த இடத்தில்தான். மூன்றாம் முனையில் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை இணைத்து மெல்லத் திருகினால், முதல் வரியில் கருங்கட்டங்கள் வரிசையாகத் தோன்றும். மின்சாரம் வந்துவிட்டது, அழுத்தமும் சரி, தொடக்கக் கட்டளைகள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். விடை வரவில்லை என்ற ஒரே தோற்றத்துக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதையும், அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் ஆய்வுமுறையியல் வகுப்பு அரிது. ஆயத்தத் துணைப்பலகையும் ஆயத்த நிரலும் சேர்ந்து வரும் புதிய திரையில் சில வரிகளிலேயே எழுத்து தோன்றிவிடுகிறது. மாணவருக்கு வெற்றி கிடைக்கிறது, அறிவு கிடைப்பதில்லை.

அத்திரை இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. அச்சில்லின் பரவலான வடிவம் ஒன்றில் ஆங்கில எழுத்துகளோடு ஜப்பானிய கத்தக்கானா எழுத்துகள் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளன. இந்திய மொழி எதுவும் இல்லை. பயனர் தாமே வரைந்துகொள்ளக்கூடியவை ஒரு நேரத்தில் எட்டு எழுத்துருக்கள்; ஒவ்வொன்றும் 5 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். தமிழிலோ மலையாளத்திலோ தம் பெயரை அதில் எழுத முயலும் மாணவர், ஒரு கருவி யாரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது என்ற கேள்வியைத் தாமாகவே வந்தடைகிறார்.

மறுப்புகள் உண்டு, அவை புறந்தள்ளத் தக்கவையல்ல. பழைய பெரிய திரைகளின் பின்னொளிக் குழல்களில் பாதரசம் இருக்கிறது. அவற்றை ஏற்றும் சுற்றுகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உண்டு. எனவே மாணவர் கைக்குச் செல்ல வேண்டியவை 5 வோல்ட்டில் இயங்கும் எல்இடி பின்னொளித் திரைகள் மட்டுமே. அவற்றை இயந்திரத்திலிருந்து கழற்றும் பொறுப்பு ஆய்வக நுட்பரிடம் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பெருநுகர்வோரான நிறுவனங்கள் தம் கழிவைப் பதிவுபெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. கம்பிகளைத் தெருவோரத்தில் எரித்துச் செம்பு எடுப்போரின் உடல்நலத்தை எண்ணினால் அவ்விதியின் நியாயம் விளங்கும். ஆனால், பயன்படக்கூடிய ஒன்றைக் கழிவு என்று அறிவிக்கும் முன்பே பயிற்சிப் பொருளாகப் பதிவேட்டில் மாற்றி எழுதி, பயன் முடிந்ததும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பது விதியின் நோக்கத்துக்கு முரணாகாது.

உண்மையான தடை தணிக்கை பற்றிய அச்சம். ஒரு திருகாணி குறைந்தாலும் யார் பதில் சொல்வது என்ற கேள்வி, அறையின் பூட்டைவிட வலிமையானது. அதற்குத் தீர்வு மாணவரின் துணிச்சலில் இல்லை, படிவத்தில் இருக்கிறது. கண்டம் செய்யும் குழுவின் அறிக்கையில், 'கற்பித்தலுக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட பாகங்கள்' என்று ஒரு பத்தியைச் சேர்த்து, துறைத்தலைவர் கையொப்பமிட்டால் போதுமானது.

பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவணரசு 2022 டிசம்பரில் ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. உரிமை ஏட்டில் இருக்கிறது. திருப்புளியைப் பிடித்துப் பழகாத தலைமுறைக்கு அவ்வுரிமையால் என்ன பயன் என்பதைப் பல்கலைக்கழகங்கள்தாம் சிந்திக்க வேண்டும்.