நம்பர் பிளேட்டை நம்பாதே! சேசிஸ் நம்பரைப் பார்!

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்தில் பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை

நம்பர் பிளேட்டைக் கழற்ற ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். பெயின்ட்டை மாற்ற இரண்டு நாள் போதும். ஆனால் இரும்பில் அடித்த நம்பரை மாற்றுவது லேசான காரியம் அல்ல.

பழைய கார், பழைய ஜீப், பழைய லாரி வாங்குகிற பலர் இதை மறந்து விடுகிறார்கள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் நேரம். பெரிய வீட்டுக் கொட்டகையில் கிடந்த ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது. தரகர் பேச்சு எப்படி இருக்கும்?

"ஐயா, ஒரிஜினல் மிலிட்டரி ஜீப்பு. சண்டையில ஓடுன வண்டி. ஆர்.சி. புக்கு கையில இருக்கு. வேற என்னங்க வேணும்?"

வேறு ஒன்று வேண்டும். ஒரு வெள்ளைத் தாளும், ஒரு பென்சிலும் வேண்டும்!

பென்சில் அச்சு

வண்டியின் சேசிஸில் ஒரு நம்பர் அடித்திருக்கும். எஞ்சின் பிளாக்கில் ஒரு நம்பர் அடித்திருக்கும். கிரீசையும் மண்ணையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கள். நம்பர் மேல் தாளை வைத்து பென்சிலால் தேயுங்கள். நம்பர் அப்படியே தாளில் இறங்கி விடும்.

இது ஏதோ பட்டறைத் தந்திரம் அல்ல. புது வண்டியைப் பதிவு செய்யும்போது சேசிஸ் நம்பருக்கு இப்படித்தான் பென்சில் அச்சு எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டுகிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்ப்பதும் அந்த நம்பரைத்தான்.

தாளில் இறங்கிய நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு எழுத்து விடாமல் ஒத்துப் பாருங்கள். 3 என்பது 8 ஆகத் தெரியும். 1 என்பது 7 ஆகத் தெரியும். ஆங்கில 'ஓ'வும் பூஜ்யமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் இப்போதைய 17 இலக்க வண்டி எண்ணில் 'ஐ', 'ஓ', 'க்யூ' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் சேர்ப்பதே இல்லை. பழைய வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. குமாஸ்தா ஒரு இலக்கத்தைத் தப்பாக எழுதி இருந்தாலும், பின்னால் மாட்டிக்கொண்டு முழிப்பது வாங்கினவர்தான்.

மிலிட்டரி ஜீப்பா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் இந்த ஜீப்பை இரண்டு கம்பெனிகள் செய்தன. ஒன்று வில்லிஸ். இன்னொன்று ஃபோர்டு. இரண்டும் சேர்ந்து சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் வண்டிகள். பார்க்க இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். பிரித்துச் சொல்வது நம்பர்தான்.

வில்லிஸ் எஞ்சின் நம்பர் 'எம்.பி.' என்று தொடங்கும். ஃபோர்டு 'ஜி.பி.டபிள்யூ.' என்று தொடங்கும். சேசிஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தையும் பாருங்கள். வில்லிஸில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்து வைத்த தகரத் தொட்டி மாதிரி இருக்கும். ஃபோர்டு வண்டியின் பல பாகங்களில் 'எஃப்' என்ற எழுத்தும் இருக்கும்.

போர் முடிந்த பிறகு, 1940-களின் கடைசியில், பம்பாயில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அதுவும் நல்ல வண்டிதான். ஆனால் அது சண்டையில் ஓடின வண்டி அல்ல. தரகர் சொல்லும் கதைக்கும் கேட்கும் விலைக்கும் பதில், அழுக்குக்கு அடியில் இருக்கிற நம்பரில் இருக்கிறது!

லாரிக்கும் இதே கணக்குதான். ஜாம்ஷெட்பூரில் டாட்டாவும் ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனியும் சேர்ந்து 1954-ல் லாரி செய்யத் தொடங்கினார்கள். கூட்டு 1969-ல் முடிந்தது. மூக்கில் பென்ஸ் நட்சத்திரம் வைத்த லாரியை 1975 மாடல் என்று யாராவது விற்றால், நட்சத்திரம் ஒரு வண்டி, சேசிஸ் ஒரு வண்டி என்று பொருள். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆனது 1955-ல். "1952 மாடல் அசோக் லேலண்ட்" என்று புத்தகத்தில் இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். அப்போது அந்தப் பெயரே இல்லையே?

எஞ்சின் மாறினால்?

ஃபோர்டு 'டி' மாடல் என்று ஒரு கார். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் செய்தார்கள். அந்தக் காருக்கு நம்பர் எஞ்சினில்தான். சேசிஸில் நம்பர் அடித்தது கடைசிக் காலத்தில்தான். அதனால் எஞ்சினை மாற்றினால் காரின் பெயரே மாறிப் போகும்! எது எந்த வருஷத்து வண்டி என்று இன்றும் அங்கே வழக்கடிக்கிறார்கள்.

நம் ஊரில் நடப்பது என்ன? பெட்ரோல் விலை கட்டவில்லை என்று பழைய அம்பாசடரில் வேறு டீசல் எஞ்சினைத் தூக்கி வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் அதை ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பதியாமல் விட்டால், புத்தகத்தில் ஒரு எஞ்சின், வண்டியில் ஒரு எஞ்சின். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போதுதான் வினை தெரியும்.

அழித்தாலும் அழியாது

திருடன் கிரைண்டரை வைத்து நம்பரைத் தேய்க்கிறான். வேறு நம்பரை அடிக்கிறான். தப்பித்தோம் என்று நினைக்கிறான். அதுதான் இல்லை!

நம்பர் அடிக்கும்போது மேலே மட்டும் பள்ளம் விழுவதில்லை. அடியில் இருக்கும் இரும்பும் அமுங்கி இறுகுகிறது. மேலே தேய்த்தாலும் அடியில் இறுகிய இரும்பு அப்படியே இருக்கும். தடய அறிவியல் நிபுணர்கள் அந்த இடத்தைப் பளபளப்பாக்கி அமிலக் கலவையைத் தடவுவார்கள். இறுகிய இரும்பை அமிலம் வேறு மாதிரி அரிக்கும். செத்த நம்பர் எழுந்து வந்து சாட்சி சொல்லும்! மிக ஆழமாகத் தோண்டி எடுத்திருந்தால்தான் கஷ்டம்.

நம்பரைச் சுற்றி மட்டும் இரும்பு பளிச்சென்று இருக்கிறதா? வெல்டிங் தழும்பு இருக்கிறதா? சில எழுத்து ஆழமாகவும் சில எழுத்து மேலாகவும் இருக்கிறதா? நின்று யோசியுங்கள். கையால் அடித்த பழைய நம்பரில் கொஞ்சம் கோணல் இருக்கத்தான் செய்யும். கோணல் மட்டுமே குற்றம் ஆகாது. தேய்ப்புதான் குற்றத்தின் அடையாளம். திருட்டு வண்டி என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

திருடன் மட்டும்தான் நம்பரை அழிக்கிறானா? இல்லை. பட்டறையில் பாலிஷ் போடுகிறோம் என்று நாமே தேய்த்து அழிக்கிறோம். "வண்டி புதுசு மாதிரி இருக்கணும் தம்பி" என்று சொல்லி அதன் பிறப்புச் சான்றிதழைக் கிழிக்கிறோம்!

காயலாங்கடையில் நடப்பது

ஓடாத வண்டியை எடைக்குப் போடுகிறவர்கள் இன்னொரு தப்பும் செய்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்து விடுகிறார்கள். செத்த வண்டியின் புத்தகம் திருடனுக்குத் தங்கம். திருடிய வண்டிக்கு அந்த நம்பரைச் சூட்டி ரோட்டில் விட்டு விடுவான். போலீஸ் வந்து கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்!

வண்டி அழிந்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். சட்டம் 55-வது பிரிவு அது. எத்தனை பேர் செய்கிறார்கள்?

காருக்கு ஒரு நீதியா?

மத்திய அரசு 2021 ஜூலையில் ஒரு விதி கொண்டு வந்தது. 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர வண்டிக்கும் காருக்கும் 'விண்டேஜ்' அந்தஸ்து. 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20 ஆயிரம். 10 ஆண்டுக்குச் செல்லும். தினசரி ஓட்டத்துக்கோ தொழிலுக்கோ ஓட்டக் கூடாது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றி இருக்கவும் கூடாது. இங்கேயும் சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும்தான் சாட்சி.

நல்ல விதி. ஆனால் லாரிக்கும் பஸ்சுக்கும் டிராக்டருக்கும் அதில் இடம் இல்லை!

பணக்காரர் வீட்டு செவர்லே சரித்திரம். நெல் மூட்டை சுமந்து தேய்ந்த லாரி மட்டும் பழைய இரும்பா? கும்பகோணத்தில் ராமன் அண்டு ராமன் பஸ்கள் ஓடிய காலம் உண்டு. 1972-ல் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அந்தக் காலத்து பஸ் ஒன்று ஏதாவது தோப்பில் துருப்பிடித்துக் கிடந்தால், அது எந்த பஸ் என்று எதை வைத்துச் சொல்வது? பெயின்ட் போயிருக்கும். போர்டு போயிருக்கும். சேசிஸ் நம்பர் மட்டும் இருக்கும். அந்த நம்பரைத் தேட பதிவேடு வேண்டும்.

பழைய தஞ்சை மாவட்டம் 1991-ல் பிரிந்து நாகப்பட்டினம் வந்தது. 1997-ல் திருவாரூர் பிரிந்தது. 2020-ல் மயிலாடுதுறை பிரிந்தது. மாவட்டம் பிரியலாம். பழைய பதிவேடு சிதறக் கூடாது. கரையானுக்கு இரையாகவும் கூடாது.

செய்ய வேண்டியது மூன்றே மூன்று. பழைய மோட்டார் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் பொதுமக்கள் சரிபார்க்க வழி செய்ய வேண்டும். 50 ஆண்டு தாண்டிய லாரி, பஸ், டிராக்டரையும் விண்டேஜ் விதியில் சேர்க்க வேண்டும். அவற்றை உடைக்கும் முன்பு பென்சில் அச்சும் ஒரு போட்டோவும் எடுத்து வைக்க வேண்டும்.

இதற்குக் கோடி ரூபாய் தேவை இல்லை. தஞ்சை வட்டார அதிகாரிகள் கவனிப்பார்களா?