யார் யாரை மேடைக்கு அழைத்தார்கள்?

1981 நவம்பர் 22. சிகாகோவின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் வாழும் 43ஆம் தெருவில் 'செக்கர்போர்டு லவுஞ்ச்' என்றொரு சிறிய கிளப். மேடையில் 68 வயது மடி வாட்டர்ஸ் பாடிக்கொண்டிருக்கிறார். அந்த ஆண்டு அமெரிக்கா முழுக்கப் பெரிய பெரிய மைதானங்களை நிரப்பிக்கொண்டிருந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர், மேடைக்கு முன்னால் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாட்டர்ஸ் பாட்டுக்கு நடுவே மிக் ஜாகரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஜாகர் எழுந்து போகிறார். அடுத்து கீத் ரிச்சர்ட்ஸ். அவர் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் மேசை மீதே ஏறி நடந்து மேடைக்குப் போய்ச் சேருகிறார். அந்த இரவின் பதிவு 2012இல் முறையாக வெளியானது. இணையத்தில் தேடினால் துண்டு துண்டாகக் கிடைக்கும்.

இதை எனக்குத் தெரிந்த இளம் தோழர்கள் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். ஒரு சாரார் நெகிழ்ந்து, இசைக்கு நிறமில்லை என்கிறார்கள். மற்றொரு சாரார் முகம் சுளித்து, கறுப்பர்களின் இசையைத் திருடி கோடீஸ்வரர்கள் ஆனவர்கள் கடைசியில் வந்து கும்பிடு போடுகிறார்கள் என்கிறார்கள். இரண்டாவது தரப்பின் கோபம் எனக்குப் புரிகிறது, ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் பேசினேன். ஆனால் இரண்டு தரப்பும் பார்ப்பது மேடையை மட்டும்தான். பணம் எந்த வழியாகப் போனது என்று பார்த்தால் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது.

மடி வாட்டர்ஸின் இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் ஊரை அடுத்த ஸ்டோவால் பருத்திப் பண்ணையில் வளர்ந்தவர். அங்கே வாரத்துக்கு உழுவதுதான் கறுப்பர்களின் பிழைப்பு. விதை, உரம், மாவு, துணி எல்லாம் பண்ணைக் கடையில் கடனாக வாங்க வேண்டும். அறுவடை முடிந்ததும் கணக்குத் தீர்ப்பவர் பண்ணையார். நோட்டு அவரிடம், எழுதுகோலும் அவரிடம். எவ்வளவு விளைந்தாலும் வருடக் கடைசியில் ஏதாவது பாக்கி நிற்கும்.

1941இல் அந்தப் பண்ணைக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு இருவர் வந்தார்கள். ஒருவர் காங்கிரஸ் நூலகத்தின் ஆலன் லோமாக்ஸ், வெள்ளையர். இன்னொருவர் கறுப்பர்களுக்கான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் இசையறிஞர் ஜான் வொர்க், கறுப்பர். கள்ளச்சாராயம் விற்றதற்காகத் தன்னைப் பிடிக்க வந்த அரசாங்க ஆட்கள் என்றுதான் வாட்டர்ஸ் முதலில் நினைத்தாராம். மடி வாட்டர்ஸைக் 'கண்டுபிடித்தவர்' என்று பின்னாளில் பெயர் வாங்கியவர் லோமாக்ஸ். வொர்க் எழுதிய கையெழுத்துப் படி எங்கோ கோப்புகளுக்குள் கிடந்து 2005இல்தான் அச்சானது. ஆய்வுத் துறையில் இருப்பதால் இந்தச் சின்னத் தகவல் என்னை அதிகம் உறுத்துகிறது.

1943இல் அதே பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த வாட்டர்ஸ், மணிக்கு 22.5 சென்ட்டாக இருந்த கூலியை 25 சென்ட் ஆக்கச் சொல்லிக் கேட்டார். மேற்பார்வையாளர் மறுத்தார். வாட்டர்ஸ் சிகாகோவுக்கு ரயிலேறினார். இரண்டரை சென்ட்டுக்காகக் கிளம்பியவரின் கிதார், நகரத்து இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமென்று மின்சாரக் கிதாராக மாறியது. ராக் இசையின் தொடக்கத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கூலி மறுப்பையும் யாராவது சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

சிகாகோவில் அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்டது செஸ் நிறுவனம். போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துச் சகோதரர்களான லெனார்டும் ஃபில்லும் அதை நடத்தினார்கள். 1950இல் அங்கே வாட்டர்ஸ் பதிவுசெய்த பாடல்களில் ஒன்று 'ரோலின் ஸ்டோன்'. 1962இல் லண்டனில் சில வெள்ளை இளைஞர்கள் அந்தப் பாட்டிலிருந்து தங்கள் குழுவுக்குப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். 1967இல் தொடங்கிய 'ரோலிங் ஸ்டோன்' இதழும் தன் பெயருக்கு அந்தப் பாட்டைத்தான் முதலில் காரணம் காட்டியது.

1964 ஜூனில் அமெரிக்காவுக்கு முதல்முறை வந்த ஸ்டோன்ஸ் குழு, புனிதப் பயணம் போல செஸ் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடல்களைப் பதிவுசெய்தது. அந்த முகவரியான '2120 சவுத் மிச்சிகன் அவென்யூ' என்பதையே ஓர் இசைத்துண்டுக்குப் பெயராக வைத்தது. அன்று மடி வாட்டர்ஸ் ஏணியில் நின்று ஸ்டுடியோவின் கூரைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார் என்று கீத் ரிச்சர்ட்ஸ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். லெனார்டின் மகன் மார்ஷல் செஸ் இதை மறுத்திருக்கிறார். வாட்டர்ஸ் செஸ்ஸின் நட்சத்திரம், நேர்த்தியாக உடுத்துபவர், அவர் பெயின்ட் அடிக்க வாய்ப்பே இல்லை என்பது அவர் வாதம்.

எனக்கு மார்ஷல் சொல்வதே நம்பும்படி இருக்கிறது. ஏணிக் கதை இத்தனை காலம் ஓடியதற்குக் காரணம், ஒரு கறுப்பினக் கலைஞர் சுரண்டப்பட்டார் என்றால் அவர் கந்தலும் பெயின்ட்டுமாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் எதிர்பார்ப்பதுதான். 1958இல் வாட்டர்ஸ் முதன்முறை இங்கிலாந்து போனபோது, அவருடைய மின்சாரக் கிதாரைக் கேட்டுச் சில விமர்சகர்கள் அரண்டுபோனார்கள். அவர்கள் எதிர்பார்த்தது பண்ணையிலிருந்து நேராக வந்த ஒரு கூலியாளை. வந்தவரோ கோட்டுப் போட்ட, சொந்தக் குழு நடத்தும் தொழில்முறைக் கலைஞர். கோட்டுப் போட்ட மனிதரிடமிருந்தும் எடுத்துக்கொள்ள முடியும். அதற்குத் தேவை ஓர் ஒப்பந்தத் தாள்.

அந்தத் தாள் 'ஆர்க் மியூசிக்' என்ற நிறுவனத்திடம் இருந்தது. 1953இல் செஸ் சகோதரர்களும், புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் பென்னி குட்மேனின் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து தொடங்கியது. இசைத்தட்டு விற்பனையில் வரும் பணம் ஒன்று, பாட்டை எழுதியவருக்கு வரும் பணம் இன்னொன்று. யார் அந்தப் பாட்டைப் பாடிப் பதிவுசெய்தாலும் எழுதியவருக்கு ராயல்டி உண்டு. ஆனால் அது பதிப்பு உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் வழியாகத்தான் வரும். வாட்டர்ஸும், அவருக்கும் ஹவ்லின் உல்ஃபுக்கும் ஏராளமான பாடல்களை எழுதித்தந்த வில்லி டிக்சனும் ஆர்க்கிடம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஸ்டோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தில் டிக்சன் பாட்டைப் பாடி, அவர் பெயரையும் ஒழுங்காகப் போட்டார்கள். பெயர் சரி. பணம் ஆர்க்குக்குப் போனது. அங்கிருந்து எழுதியவரின் கைக்கு எவ்வளவு வரும் என்பது ஆர்க்கின் நோட்டில் இருந்தது. செஸ் கலைஞர்களுக்குப் பளபளக்கும் காடிலாக் கார் கிடைக்கும், அதன் விலை ராயல்டியில் கழிக்கப்படும் என்று இந்த வரலாற்றை எழுதிய பலரும் பதிவுசெய்திருக்கிறார்கள். ஸ்டோவால் பண்ணைக் கடையில் வளர்ந்தவருக்கு இந்தக் கணக்குமுறை புதிதாக இருந்திருக்காது.

ஸ்டோன்ஸின் மரியாதை போலியானது என்று நான் சொல்லமாட்டேன். 1965 மே 26 அன்று ஒளிபரப்பான 'ஷிண்டிக்' நிகழ்ச்சியைப் பாருங்கள். ஏபிசி தொலைக்காட்சி அழைத்தபோது, ஹவ்லின் உல்ஃபும் வர வேண்டும் என்று குழு நிபந்தனை போட்டது. உல்ஃபின் புகழ்பெற்ற 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாட்டைப் பாடித்தான் அவர்கள் முந்தைய டிசம்பரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்திருந்தார்கள் (அதை எழுதியவரும் டிக்சன்தான்). நிகழ்ச்சித் தொகுப்பாளர் பேசிக்கொண்டே போக, பிரையன் ஜோன்ஸ் இடைமறித்து, போதும், உல்ஃபைப் பாட விடுங்கள் என்கிற பாவனையில் பேச்சை முடிக்கிறார். ஆறடிக்கு மேல் உயரமான 54 வயது உல்ஃப் பாடுகிறார். ஸ்டோன்ஸ் அவர் காலடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தொலைக்காட்சியில் அவர் தோன்றியது அதுவே முதல்முறை. அவர் பிறந்த மிசிசிப்பியில் அன்று பெரும்பாலான கறுப்பர்களால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முடியவில்லை. வாக்குரிமைச் சட்டம் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் கையெழுத்தானது.

1970 மே மாதம் லண்டனில் நடந்த ஒலிப்பதிவு இன்னும் சுவையானது. உடல்நலம் குன்றியிருந்த உல்ஃபுடன் எரிக் கிளாப்டனும், ஸ்டோன்ஸின் பில் வைமனும் சார்லி வாட்ஸும் வாசித்தார்கள். உல்ஃபின் நிரந்தரக் கிதார் கலைஞர் ஹூபர்ட் சம்லினைக் கூட்டிவரச் செலவு எதற்கு என்று நிறுவனம் தயங்கியபோது, அவர் வர வேண்டும் என்று நின்றவர் கிளாப்டன். 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' தொடங்கும் முன், நீங்களே கிதாரில் வாசித்துக் காட்டுங்கள் என்று இளையவர்கள் கேட்க, உல்ஃப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி தாளம் எண்ணிச் சொல்லித்தருகிறார். அந்த ஒத்திகையையும் ஆல்பத்தில் சேர்த்தார்கள். புளூஸ் என்பது 'இயல்பாகப் பீறிடும் உணர்ச்சி', அதற்குப் பயிற்சி வேண்டாம் என்று நினைப்பவர்கள் அந்த இரண்டு நிமிடங்களைக் கேட்கலாம்.

ஆனால் இதே குழு 1968இல் 'பிராடிகல் சன்' பாட்டை ஜாகர், ரிச்சர்ட்ஸ் எழுதியதாக வெளியிட்டது. அது ராபர்ட் வில்கின்ஸ் என்ற கறுப்பினப் போதகரின் பாட்டு. அவர் அப்போது மெம்ஃபிஸில் உயிரோடுதான் இருந்தார். பெயர் பின்னால் திருத்தப்பட்டது. லெட் செப்லின் இந்த விஷயத்தில் ஸ்டோன்ஸைவிடப் பல மடங்கு மோசம். டிக்சன் எழுதி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டின் வரிகள் அவர்களுடைய 1969ஆம் ஆண்டு வெற்றிப்பாடலான 'ஹோல் லாட்டா லவ்'வில் இருந்தன. டிக்சனின் பெயர் இல்லை. ஒற்றுமையைக் கவனித்துச் சொன்னது டிக்சனின் மகள். 1985இல் டிக்சன் வழக்குப் போட்டார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம். இப்போது அந்தப் பாட்டின் எழுத்தாளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.

அதற்கு முன்பே, 1970களில், ராயல்டி முறையாக வரவில்லை என்று வாட்டர்ஸும் டிக்சனும் ஆர்க் மீதே வழக்குத் தொடுத்திருந்தார்கள். அதுவும் சமரசத்தில் முடிந்து, பாடல் உரிமைகள் அவர்களிடம் திரும்ப வழி பிறந்தது. செக்கர்போர்டு லவுஞ்சில் ஜாகரை மேடைக்கு அழைத்த முதியவர், தன் ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்காடி முடித்திருந்த மனிதர். அந்த இரவின் அழகு எனக்கு அங்கேதான் இருக்கிறது. அன்று அவர்கள் சேர்ந்து பாடிய பாடல்களில் ஒன்று 'மேனிஷ் பாய்'. அமெரிக்கத் தெற்கில் எழுபது வயதுக் கறுப்பரையும் வெள்ளையர்கள் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஊர்த் தெருக்களில் தாத்தா வயதுக்காரரை ஆதிக்கச் சாதிச் சிறுவன் 'வாடா' என்பதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பாட்டின் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை.

ரோலிங் ஸ்டோன் இதழின் பெயர் வாட்டர்ஸ் பாட்டிலிருந்து வந்தது என்றேன். அதன் இந்தியப் பதிப்பு 2021 ஆகஸ்டில் 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' பாடல்களுக்காகத் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் அட்டையில் போட்டது. இரண்டையும் எழுதிய அறிவு அட்டையில் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்விலிருந்து 'என்ஜாய் எஞ்சாமி'யை எடுத்தவர் அவர். பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். விவாதம் கொதித்தது. இதழ் பிறகு அறிவின் படத்தோடு ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது. நாங்கள் வென்றுவிட்டதாக நினைத்தோம், நானும்தான். 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், கோடிக்கணக்கானோர் கேட்ட அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார். மூன்று வருடம் அட்டைப்படத்தைப் பற்றி எழுதிய நம்மில் எத்தனை பேர், ஒப்பந்தம் என்ன, உரிமை யாரிடம், கணக்கு எங்கே என்று கேட்டோம்? நான் கேட்கவில்லை. 'பண்பாட்டு அபகரிப்பு' என்ற சொல் அப்போது என்னிடம் தயாராக இருந்தது, அதை எழுதியதோடு என் வேலை முடிந்ததாக இருந்துவிட்டேன்.

டிக்சன் தனக்கு மீண்ட பணத்திலிருந்து 'புளூஸ் ஹெவன்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். தங்கள் ராயல்டியும் உரிமையும் எங்கே போயின என்று தெரியாத முதிய கலைஞர்களுக்கு உதவுவது அதன் வேலைகளில் ஒன்று. அவர் 1992இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய துணைவியார் மேரி டிக்சன் 2120 சவுத் மிச்சிகன் அவென்யூ கட்டடத்தை விலைக்கு வாங்கினார். 1964இல் ஸ்டோன்ஸ் பயபக்தியோடு ஏறிய அந்த மாடிப்படியில் இன்று யார் ஏற வேண்டுமானாலும், டிக்சனின் அறக்கட்டளையிடம் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்.